ஒறிகினால் அக்கா

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 12ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஜேர்மனியில் எசன் நகரில் மங்கலான வெயில், ஒன்பது பாகை. இங்கிலாந்தில் அந்நேரம் ஒன்பது இருபது, மழை. அந்த மழையை நான் அக்காவின் குசினி மேசையில், ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த டப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடை, குடைக்குக் கீழே வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் கை, கைக்கு அப்பால் பாசி பிடித்த ஒரு கல்லறைக் கல். பற்றரி அறுபத்தொரு வீதம். சாச்சரில் போடுங்கோ என்று இரண்டு தரம் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மேசையில் மூன்று பேர். நடுவில் அக்கா. அவருக்கு இடப்பக்கம் என் மச்சாள், காலமான என் மனைவியின் தங்கை, கொலோனிலிருந்து ரயிலில் வந்திருந்தார். வலப்பக்கம் நான், மொழிபெயர்க்க. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஒரு கலியாணம் தங்கியிருந்தது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஒரே கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. என்னை விட நான்கு வயது மூத்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் விளங்கும். எசனில் அவரைத் தெரிந்த தமிழர் எல்லோரும் அவருக்குப் பின்னால் ‘ஒறிகினால் அக்கா’ என்றுதான் சொன்னார்கள்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவர் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றை நீட்டியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளி, ‘ஒறிகினால்’ என்று மட்டும் சொன்னாராம். மூலப்பிரதி என்று அர்த்தம். அதுதான் அக்கா கற்ற முதல் ஜேர்மன் சொல். காலை வணக்கம் சொல்லப் பழகுவதற்கு முதலே அதைப் பழகிக்கொண்டதாகச் சொல்வார். மூலப்பிரதி ஊரில் இருந்தது, ஊரில் சண்டை. எட்டு மாதம் கழித்து, யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள், பால்மா ரின்னுக்குள் சுருண்டு வந்து சேர்ந்தது. அந்த எட்டு மாதமும் தான் பிறந்ததையே இந்த அரசாங்கம் நம்பவில்லை என்பது அவருடைய தீராத முறைப்பாடு.

அதற்குப் பிறகு அவர் எதையும் இரண்டாம் கையாக நம்பியதில்லை. கடையில் மிளகாய்த்தூள் பைக்கற்றை எடுத்தால் முன்பக்கத்தை வாசிக்கமாட்டார். திருப்பிப் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எந்த ஊரில் அடைத்தது என்று பார்ப்பார். ஒருமுறை தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில், எங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு மனிதர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். இரண்டு பேர் மலர்வளையத்துக்குக் காசு சேர்க்கவும் தொடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் அழவில்லை. ஒறிகினால் ஆர் சொன்னது என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, வெளியே போய் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். இறந்தவரே எடுத்திருக்கிறார். இருமல்தான், ஆனால் பெரிய இருமல் என்று சொன்னாராம். அக்கா உள்ளே வந்து காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். காசு சேர்த்தவர்களுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாமே சிரிக்கும்படி இருக்கவில்லை. என் மனைவி போய் இரண்டாம் நாள், வீட்டில் ஆட்கள் நிறைந்திருக்க, அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மரணச் சான்றிதழின் ஒறிகினாலைக் காட்டுங்கோ என்று கேட்டார். இவருக்கு இதற்குமா சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்தேன். எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தார். என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அன்றைக்கே கையைப் பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்த் திருத்துவித்தார். அந்த எழுத்துப் பிழையோடு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்தால் எத்தனை மாதம் அலைந்திருப்பேனோ தெரியாது. ஆனாலும் பத்தொன்பது நாள் அவரோடு நான் பேசவில்லை.

இப்படிப்பட்டவரிடம், ஒறிகினால் இல்லாத ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய பூட்டன்.

அக்காவின் தகப்பன் வழிக் குடும்பப் பெயர் பெல்விக். ஜேர்மன் படிவங்களில் ‘கெபூர்ட்ஸ்நாமெ’ என்று ஒரு கட்டம் இருக்கும். பிறந்தபோது இருந்த பெயர் என்று அர்த்தம். கலியாணம் கட்டியவர்கள் முந்திய பெயரை அதில் எழுதவேண்டும். அந்தக் கட்டம் வந்தால் அக்காவின் எழுத்துப் பெரிதாகும். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் தலையை நிமிர்த்தி, இது இங்கிலாந்துப் பெயரல்லவா என்பார். ஓம் என்பார் அக்கா. பூட்டன் யோசியா பெல்விக் இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு றோட்டுப் போட வந்தவர், ஊர்ப் பெண்ணொன்றைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். இதற்குச் சான்றுகள்: அந்தப் பெயர், அக்காவின் அப்பாவுக்கு இருந்த சாம்பல் நிறக் கண்கள், யாழ்ப்பாணத்துத் தேவாலயப் பதிவேட்டில் பூட்டனின் விவாகப் பதிவு. பதிவின் பிரதிதான் அக்காவிடம் இருந்தது, அதுவும் பிரதியின் பிரதி.

பழைய ஆங்கிலக் கையெழுத்து என்பதால் அதை வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கணக்குப் பகுதியில் இருந்தவன். இங்கே இருபத்தாறு வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணினேன். கட்டங்களைக் கண்டால் எண்ணாமல் இருக்க ஏலாது. எட்டுக் கட்டங்கள், ஏழு நிரம்பியிருந்தன. மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு ஒரு சிறிய கோடு மட்டும். தொழில் என்ற இடத்தில் ஆசிரியர்.

தகப்பன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன். தகப்பன் இங்கிலாந்தில் இருந்திருப்பார், இங்கே எழுதத் தேவையில்லை என்றார் அக்கா. றோட்டுப் போட வந்தவர் எப்படி வாத்தியார் ஆனார் என்று கேட்டேன். இரண்டும் செய்திருப்பார், வெள்ளைக்காரர் சும்மா இருக்கமாட்டினம் என்றார். மிளகாய்த்தூளைத் திருப்பிப் பார்க்கிற மனுசி இதை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோடு எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

பிறகுதான் விளங்கியது, அந்த இங்கிலீஸ்காரன் அவருக்கு எதற்குத் தேவைப்பட்டார் என்று. எங்கள் ஆட்கள் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னால், ஊரிலே எவடம் என்பார்கள். அதையும் சொன்னால், ஆற்றை ஆக்கள், யாருடைய ஆட்கள், என்பார்கள். மூன்று கேள்வியில் சாதி வந்துவிடும், சாதி என்ற சொல் மட்டும் வராது. நாற்பது வருடம் ஜேர்மனியில் இருந்தும் இந்த மூன்று கேள்வியும் எங்களை விட்டுப் போகவில்லை. கொலோனில் ஒரு கலியாண மண்டபத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர் அக்காவிடம் முதல் இரண்டையும் கேட்டு முடித்து, மூன்றாவதைத் தொடங்கினார்.

“எங்கடை பூட்டன் இங்கிலீஸ்காரன்,” என்றார் அக்கா. “நீங்கள் அவற்றை இடம் கேக்கிறியளோ, என்ரை இடம் கேக்கிறியளோ?”

அந்த அம்மா பாயாசத்தைக் குடிக்கத் தொடங்கினார். பாயாசம் முடிந்த பிறகும் கிண்ணத்தை வைக்கவில்லை. அக்கா தன் வாழ்க்கை முழுவதும் அந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் யோசியா பெல்விக்கை நிறுத்தி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அக்காவுக்கே தெரியாது.

இந்த நிலையில்தான் அக்காவின் ஒரே மகளும் என் மச்சாளின் ஒரே மகனும் கொலோனில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஒரே வீட்டில் குடியும் புகுந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. யாரும் யாரையும் தடுக்க முடியாது. ஆனால் பதிவுத் திருமணத்துக்கு இரண்டு அம்மாவும் வந்து நிற்கவேண்டும், ஒருவர் வராவிட்டாலும் பதிவே வேண்டாம், இப்படியே இருப்போம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். இப்படியே இருப்பது என்பது இரண்டு அம்மாக்களுக்கும் நெருப்பு.

மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். தான் சாதி பார்க்கிற ஆள் இல்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

“சனம் கேக்கும் அத்தான். இங்கிலீஸ்காரன் எண்டால் பரவாயில்லை, ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். ஆனா கதை ஆரும் சொல்லலாம். எல்லாத்துக்கும் ஒறிகினால் கேக்கிறவதானே? ஒருக்கா தன்ரை ஒறிகினாலைக் காட்டச் சொல்லுங்கோ.”

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன். அக்கா அடுப்பை நிறுத்தினார். சட்டிக்கு மூடி போட்டார். நியாயம்தான் என்றார்.

பதினான்கு மாதம் தேடினோம். மின்னஞ்சல் எழுதியது நான், முகவரி பிடித்தது அக்காவின் மகள், அவசரப்படுத்தியது அக்கா. பெல்விக் அதிகம் பேருக்கு இல்லாத பெயர். கடைசியில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தைப் பராமரிக்கும், ஓய்வுபெற்ற அந்தப் பெண்மணி பதில் போட்டார்: யோசியா பெல்விக் என்று ஒருவர் இங்கே கல்லறையில் இருக்கிறார், வேண்டுமானால் படம் அனுப்புகிறேன்.

படம் வெறும் கொப்பி, பிரதி என்றார் அக்கா. போய்த்தான் பார்க்கவேண்டும் என்று நின்றார். இருதய வைத்தியர் விமானமும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்று மறித்துவிட்டார். அப்படித்தான் வீடியோவில் பார்ப்பது என்று முடிவானது. ஓடிக்கொண்டிருக்கிற படம் முழுக் கொப்பி இல்லை என்று அக்கா ஒருவாறு இறங்கிவந்தார். மச்சாளையும் கூப்பிடச் சொன்னார். பிறகு தான் ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி என்று இருக்கக் கூடாதாம்.

அந்த வியாழக்கிழமை, அந்தப் பெண்மணி ஒரு பழைய தூரிகையால் பாசியைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். முதல் வரி பெயர். அக்கா ஓம் என்று சொல்லி, டப்லெட்டின் கண்ணாடியில் விரலை வைத்தார். படம் சிறியதாகிவிட்டது, நான் பெரிதாக்கிக் கொடுத்தேன். அடுத்த வரி, இந்த ஊரின் மெழுகுதிரி வியாபாரி. அது அவருடைய தகப்பனாயிருக்கும், ஒரே பெயரைத் தகப்பனும் மகனும் வைப்பினம் என்றார் அக்கா. மச்சாள் தலையாட்டினார். கடைசி வரிகளைப் புல் மூடியிருந்தது. அந்த வயதில், அந்த மழையில், அந்தப் பெண்மணி முழங்காலில் இருந்து புல்லைப் பிடுங்கினார். பற்றரி முப்பத்துநாலு.

பிடுங்கிவிட்டு வாசித்தார். வாசித்து முடித்து, கல்லில் இல்லாத சிலதையும் தன் பாட்டில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சாளுக்கு ஆங்கிலம் தெரியாது. அக்காவுக்கும் கடைப் பெயர்ப்பலகை வாசிக்குமளவுதான். இரண்டு பெண்களும் கல்லை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வசனம் போதும். இவருடைய மகன்தான் இலங்கைக்குப் போனவர் என்று சொன்னால், அன்றைக்கே நாள் குறித்துவிடலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அந்தப் பெண்மணிக்கும் தமிழ் தெரியாது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“கொப்பி வேண்டாம், தம்பி,” என்றார் அக்கா. “அவ சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ.”

சொன்னேன். அந்த மனிதர் கலியாணம் செய்யவில்லை, பிள்ளையும் இல்லை. ஊரை விட்டு எங்கும் போனதில்லை, கடலைக் கண்டதே இல்லை என்று அங்கே கதையாம். இலங்கையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு ஏழைச் சிறுவனைப் படிப்பிக்க ஆண்டாண்டாகக் காசு அனுப்பியிருக்கிறார். காசு அனுப்புகிறவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து மிஷன் வழக்கம். கல்லின் கடைசி வரி அதுதான்: அந்தச் சிறுவன் இவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறான். அப்படியென்றால் பதிவேட்டில் கண்ட அந்த வாத்தியார்தான் அவன். வெள்ளைக்காரனே இல்லை. எங்களைப் போல ஒரு பெடியன்.

எல்லாம் சரிதானா, கல்லின் மறுபக்கத்தையும் காட்டவா என்று டப்லெட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்மணி கேட்டார். நன்றி, போதும் என்றேன். அவர் குடையைச் சரித்து எங்களுக்குக் கை காட்டினார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றுபோலக் கை காட்டினோம். படம் அணைந்தது.

மச்சாள்தான் முதலில் வாய் திறந்தார். “அப்ப அந்தப் பெடியன் ஆற்றை பிள்ளை?”

மூன்றாவது கேள்வி. நாற்பது வருடம் தடுத்து வைத்திருந்த அதே கேள்வி, அவருடைய சொந்தக் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது. அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து கதவைக் காட்டுவார் என்றும் நினைத்தேன்.

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றார் அக்கா, மெதுவாக. “எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. தாய் ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பா. பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டிருப்பா. அடுத்த முறை பாக்க வரேக்கை அது பெல்விக்.” பிறகு என் பக்கம் திரும்பி, படிவம் நிரப்புகிறவர் மாதிரிக் கேட்டார். “தம்பி, அவற்றை கெபூர்ட்ஸ்நாமெ என்ன?”

மச்சாள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தும் விரித்தும் கொண்டிருந்தார். மச்சாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் வேறொரு பெண்ணின் கடவுச்சீட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். அந்தப் பெண்ணின் பெயரே பிறகு அகதிப் பதிவிலும், வேலையிலும், வங்கியிலும், வீட்டு அழைப்புமணியிலும் ஏறிவிட்டது. திருத்தப் போனால் எல்லாம் கிளறப்படும் என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டார். அவருடைய மகன் கூட அதைத்தான் அம்மாவின் பெயர் என்று எழுதுகிறான்.

“என்ரை பேரையும் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் மச்சாள், விரிப்பைப் பார்த்தபடி.

“எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “உன்ரை கொக்கா சொல்லுறவ.” கொக்கா என்றது என் மனைவியை. தொடர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்.

என் மனைவி போன பிறகு அந்தப் பெயரை நான் கேட்கவில்லை. மச்சாளும் கேட்டிருக்கமாட்டார். மச்சாள் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிட ரயிலைப் போகவிட்டார். அதற்கடுத்த ரயிலையும் விட்டார். அக்கா சட்டியின் மூடியைத் திறந்து சோறு போட்டார். சாச்சரைத் தேடி எடுத்து நானே போட்டேன்.

அடுத்த ஏப்ரலில் கொலோனில் பதிவுத் திருமணம், நல்ல மழை. இரண்டு அம்மாவும் நின்றார்கள். வெளியே கேக் வெட்டும்போது மச்சாளின் சிநேகிதி ஒருவர் பொம்பிளை வீட்டார் ஆற்றை ஆக்கள் என்று விசாரித்தார். இங்கிலீஸ்காரற்றை ஆக்கள் என்று மச்சாள் கண்ணிமைக்காமல் சொன்னார். பின்னால் நின்ற அக்கா அதைக் கேட்டுவிட்டார். இங்கிலீஸ்காரற்றை காசு மட்டும்தான், ஆள் எங்கடை ஆள் என்று திருத்தினார். மச்சாள் அவரை நுள்ளியதை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தவன் நான். வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தேவாலயத்துக்கு எழுதுவித்தார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பதிவுகள் கறையானுக்குப் போய்விட்டன என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு காலையில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். வணக்கம் கிடையாது. “தம்பி, வேலன் எண்டு இருந்திருக்குமோ?” இருக்கலாம் அக்கா என்பேன். இருக்கலாம் என்றால் கொப்பி என்று சொல்லி வைத்துவிடுவார். இரண்டு நாள் கழித்து முருகேசு. பிறகு சின்னவன். பிறகு கதிரன். நாற்பத்துமூன்று பெயர்கள் சொன்னார். எண்ணினேனே தவிர எழுதி வைக்கவில்லை. இப்போது இருந்து யோசித்தால் இருபத்தொன்பதுதான் நினைவில் வருகிறது. மிச்சம் பதினான்கையும் தேடி இரவில் எழும்பி உட்கார்ந்திருக்கிறேன். கடைசிப் பெயரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னார். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அது அவன் பெயர் என்று எப்படிச் சொல்வது? எனவே அதையும் எழுதவில்லை. பூட்டனின் பெயர் தெரியாதபோது தன் பெயரை மட்டும் யாரும் எழுதக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். தன் கல்லறைக் கல்லுக்கு மட்டும் விலக்குத் தந்தார், அதுவும் அவர் சொன்னபடி வெட்டினால்.

போன ஜனவரியில் போனார். கல் வெட்டுகிறவரிடம் மகளும் நானும் போனோம். மேலே அக்காவின் பெயர். அதற்குக் கீழே, இங்கே கல்லறைகளில் வழக்கமாக வெட்டுகிற ‘கெப்.’ என்ற குறுக்கம், பிறந்தபோது இருந்த பெயருக்கு முன்னால் வருவது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் கல். கல் வெட்டுகிறவருக்கு இது பிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் நான் மறந்துவிட்டேன் என்று நினைப்பார்கள் என்றார். பெயர் எப்போது வரும் என்று கேட்டார். தேடுகிறோம் என்றேன். மகள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

அந்த வரிக்கு இடம் விட, குறித்து வைத்திருந்த கல்லை விட உயரமான கல் வேண்டும். கல்லின் விலை மகளுடையது. இந்த ஒரு வரி என்னுடையது என்று சொன்னேன். ஜேர்மன் எழுத்தில் அது மூன்று எழுத்து, எழுத்துக்குப் பதினெட்டு யூரோவாக ஐம்பத்துநான்கு. புள்ளிக்குக் காசில்லை என்றார். உயரத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. வெறும் இடத்துக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். வரி உட்பட இருநூற்று நாற்பத்துநான்கு யூரோ.